பிரிட்ஜில் மிஞ்சியிருக்கும் இரண்டு ஊசிகள்

கேள்வி: என் மகனுக்கு வயது 22. இரண்டு வருடத்துக்கு முன் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) என்று சொன்னார்கள். முதலில் மெசலமின் குளிசை, பிறகு பிரெட்னிசோன். போன வருடக் கடைசியில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒருதடவை அடலிமுமாப் ஊசி. இப்போது வயிற்றில் ஒரு பிரச்சினையும் இல்லை. மருந்துக் கம்பனியின் 'நோயாளர் ஆதரவுத் திட்டம்' ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மாதம் ஒருக்கா ஒரு நேர்ஸ் கோல் எடுக்கிறார். மகன் அநேகமாக போனைத் தூக்குவதில்லை. தூக்கினாலும் "எல்லாம் ஓகே" என்று சொல்லி வைத்துவிடுகிறார். என் கணவரோ, "கம்பனிக்காரன் தன் மருந்தை விற்கத்தானே கோல் எடுக்கிறான்" என்கிறார். இந்தத் திட்டங்களால் வருத்தம் உண்மையிலேயே குறையுமா, இல்லை விலகிவிடலாமா? ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு நான்கு கிழமை யாழ்ப்பாணம் போக இருக்கிறோம். இன்னொரு விஷயம், பிரிட்ஜில் இரண்டு ஊசி மிச்சமாக இருக்கிறது. அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.
ஒரு தாய், ஸ்காபுறோ

பதில்:

அன்புள்ள அக்கா,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியில் இருந்தே தொடங்குகிறேன். தம்பிக்கு இரண்டு கிழமைக்கு ஒரு ஊசி என்றால் நான்கு கிழமைக்கு இரண்டு. இரண்டு மிஞ்சுகிறது என்றால் அநேகமாக ஒரு மாத மருந்து உடம்புக்குள் போகவில்லை. சில வேளை ஃபார்மசி அடுத்த மாதத்துப் பெட்டியை முன்கூட்டியே அனுப்பியிருக்கலாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் திகதியைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அப்படி இல்லையென்றால் அவர் போடாமல் விட்டிருக்கிறார். திட்டத்தின் கணினியிலோ பெட்டி போய்ச் சேர்ந்தது, கையெழுத்து வாங்கியாயிற்று, எல்லாம் ஒழுங்கு என்றுதான் இருக்கும். உங்கள் பிரிட்ஜுக்குத் தெரிந்தது அந்த நேர்ஸுக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒன்ராறியோவில் குடல் அழற்சி நோயாளர்களைப் பார்க்கும் கிளினிக் ஒன்றில் நேர்ஸாக இருக்கிறேன். எந்த மருந்துக் கம்பனியிடமும் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் அவர்களுடைய திட்டங்களின் சேர்க்கைப் படிவங்களை நிரப்பியே என் பாதி நாள் போகிறது. ஆகவே அந்தத் திட்டங்களோடு எனக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு.

உங்கள் கணவர் சொல்வது பிழையில்லை. மருந்து நிற்காமல் ஓடினால் கம்பனிக்கு லாபம். கோல் எடுக்கும் நேர்ஸ் உண்மையான நேர்ஸ்தான், நல்ல மனுசியாகவும் இருப்பார். ஆனால் அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை மறக்கத் தேவையில்லை. அதே நேரம், கம்பனியின் லாபமும் உங்கள் மகனின் நலனும் ஒரே பாதையில் போகும் காலம் ஒன்று இருக்கிறது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் காலம் அது. மருந்து வேலை செய்யாமல் போனால் இரண்டும் பிரிந்துவிடும். "இது உங்களுக்குச் சரிவரவில்லை, வேறொரு கம்பனியின் மருந்துக்கு மாறுங்கள்" என்று அந்தக் கோலில் யாரும் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்வது உங்கள் டொக்டரின் வேலை.

சரி, இந்தத் திட்டங்கள் என்னதான் செய்கின்றன? கனடாவில் பயோலொஜிக் மருந்து (அடலிமுமாப் மாதிரி, உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மருந்து) எடுக்கிறவர்களுக்கு இவை கிட்டத்தட்ட சிகிச்சையின் ஒரு உறுப்பு மாதிரி ஆகிவிட்டன. காப்புறுதிக் கம்பனியோடு மல்லுக்கட்டுவது இவர்கள்தான். அப்பாவின் வேலைக் காப்புறுதி 80 சதவீதம் கட்டினால் மிச்ச 20-ஐப் பல நேரம் திட்டமே ஏற்றுக்கொள்ளும். முதல் ஊசியைப் போடக் கற்றுத்தருவது, குளிர்பெட்டியில் மருந்தை வீட்டுக்கு அனுப்புவது, பாவித்த ஊசியைப் போடும் டப்பா தருவது, சில திட்டங்களில் குடலில் அழற்சி இருக்கிறதா என்று மலத்தில் பார்க்கும் கல்ப்ரொடெக்டின் பரிசோதனைக்கும் இரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் பரிசோதனைக்கும் காசு கட்டுவது, எல்லாம் இதற்குள் வரும். ஒரு வருட அடலிமுமாப் பல ஆயிரம் டொலர். திட்டத்தில் இருந்து விலகினால் மாதம் ஒரு கோல் மட்டும் நிற்காது, இதெல்லாமும் சேர்ந்து நின்றுவிடலாம். ஆகவே கோபத்தில் விலகவேண்டாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்களிடம் வரும் ஒரு பிள்ளையின் அம்மம்மா, "விலை கூடின மருந்து, பழுதாகக்கூடாது" என்று பெட்டியைத் தூக்கி மேல்தட்டில், ஃபிரீசருக்குள், கணவாய்ப் பக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். உறைந்த அடலிமுமாப்பை உருகவைத்தாலும் பாவிக்கக்கூடாது. அந்தப் பிள்ளை அழுதுகொண்டு எனக்கு எடுத்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் திட்டத்தின் இலக்கத்துக்கு எடுத்தேன், திங்கட்கிழமை புதுப் பெட்டி வந்தது. கிளினிக்கில் இருந்துகொண்டு என்னால் அதைச் செய்திருக்க முடியாது. (அம்மம்மாவை யாரும் ஏசவில்லை. ஏசவிடவும் இல்லை.)

இனி நீங்கள் கேட்டது, வருத்தம் குறையுமா? இதை மூன்று படியாகப் பார்க்கவேண்டும். மருந்துப் பெட்டி வீட்டுக்கு வருவது ஒன்று. அது உடம்புக்குள் போவது இன்னொன்று. குடல் ஆறுவது மூன்றாவது. திட்டங்களைப் பற்றி வரும் நல்ல செய்திகளில் அநேகமானவை முதலாவது படியைத்தான் அளக்கின்றன. 2018-இல் கனடாவில் அடலிமுமாப் திட்டத்தைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. குடல், மூட்டு, தோல் நோய்க்காரர் எல்லோருமாகப் பத்தாயிரம் பேருக்கு மேல். மாதாமாதம் கோல் வந்தவர்கள் மருந்தை இடையில் நிறுத்துவது வராதவர்களைவிட 72 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். பெரிய எண்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இரண்டாம் மாதமே மருந்தை விட்டவருக்கு ஐந்தாம் மாதம் கோல் வராது. போனைத் தூக்கிப் பேசுகிறவரும் ஏற்கெனவே ஒழுங்கான ஆளாகத்தான் இருப்பார். கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் இது முழுதாக மறையாது. அமெரிக்காவில் 2017-இல் வந்த இதே மாதிரி ஆய்வு ஒன்றும் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், அவர்களுடைய மருத்துவச் செலவும் குறைந்தது என்றது. அதற்குக் காசு கொடுத்தது மருந்தைச் செய்யும் கம்பனி. பொய் என்று சொல்லவில்லை. உப்புப் பார்த்துச் சாப்பிடவேண்டும், அவ்வளவுதான்.

கம்பனி இல்லாமல் மருத்துவமனைகளே நடத்திப் பார்த்த ஆதரவு முறைகள் எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகின்றன. 2001-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் கொலைட்டிஸ் உள்ள 203 பேரை எடுத்தார்கள். பாதிப் பேருக்கு, நோய் கிளம்பினால் என்ன செய்யவேண்டும் என்று ஆளுக்கொரு திட்டம் எழுதிக்கொடுத்தார்கள். அப்படி எழுதி வைத்திருந்தவர்களுக்கு, நோய் கிளம்பியதும் சராசரியாக 15 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கியது. மற்றவர்களுக்கு 50 மணித்தியாலம் எடுத்தது. கிளினிக்குக்கு வரும் தடவையும் வருடத்துக்கு மூன்றில் இருந்து ஒன்றாகக் குறைந்தது. பிறகு 2010-இல் டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் இதையே கணினி வழியாகச் செய்தார்கள். டென்மார்க்கில் அந்த முறைக்குள் வந்தவர்களுக்கு ஒரு தடவை கிளம்பும் நோய் 18 நாளில் அடங்கியது. வழமையான முறையில் இருந்தவர்களுக்கு 77 நாள். ஒரு பல்கலைக்கழக மாணவருக்கு 18 நாளுக்கும் 77 நாளுக்கும் இடையில் பாதி செமஸ்டரே போய்விடும்.

நெதர்லாந்தில் 2017-இல் நான்கு மருத்துவமனைகளில் 909 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தபடியே கேள்விகளுக்குப் பதில் போடுவது, ஏதும் பிசகினால் நேர்ஸ் கூப்பிடுவது, இதுதான் முறை. மருத்துவமனையில் படுக்கவேண்டி வந்தது பாதியாகக் குறைந்தது. நோய் கிளம்பிய தடவைகளிலோ அறுவைச் சிகிச்சையிலோ வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 2019-இல் 348 பேருக்குக் கிழமைக்கொன்றோ இரண்டு கிழமைக்கொன்றோ ரெக்ஸ்ட் அனுப்பிப் பார்த்தபோதும் அப்படித்தான். நோயின் தீவிரத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் வழமையான சிகிச்சையைவிட மேலாக ஒன்றும் வரவில்லை, மருத்துவமனையில் சேர்வது மட்டும் குறைந்தது.

இதில் இருந்து எனக்கு விளங்குவது இதுதான். கோலும் ரெக்ஸ்டும் இந்த நோயை வராமல் தடுக்காது. நோய் தலைதூக்கும் நேரத்துக்கும் சரியான ஆளுக்கு அது தெரியவரும் நேரத்துக்கும் இடையில் உள்ள நாட்களை அவை குறைக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. மற்றப் பக்கத்தில் இருப்பவர் உண்மையைச் சொல்லவேண்டும். "எல்லாம் ஓகே" என்று வைத்துவிடும் கோலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. மான்செஸ்டரிலும் டென்மார்க்கிலும் நோயாளர்கள் தாங்களே மருந்தைக் கூட்டினார்கள். டென்மார்க்காரருடையது கடுமை குறைந்த நோய், மெசலமின் மாதிரி மருந்து. தம்பியின் ஊசியை அப்படிக் கூட்டிக் குறைக்க முடியாது. அவருடைய "எழுதிவைத்த திட்டம்" என்பது எந்த இலக்கத்துக்கு, எப்போது, யாரைக் கூப்பிடுவது என்பதுதான்.

மருந்தை ஒழுங்காக எடுப்பது அவ்வளவு முக்கியமா என்று அவர் உங்களிடம் கேட்டால் சொல்ல ஒரு கணக்குத் தருகிறேன். 2003-இல் அமெரிக்காவில், நோய் அடங்கி மெசலமின் எடுத்துக்கொண்டிருந்த 99 பேரை இரண்டு வருடம் பார்த்தார்கள். ஒழுங்காக எடுத்தவர்களுக்கு நோய் அடங்கியே இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். எடுக்காதவர்களுக்கு 39. அது வெறும் குளிசை. அடலிமுமாப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊசிகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழுந்தால் இரத்தத்தில் மருந்து இறங்கும், அந்த நேரத்தில் உடம்பு அந்த மருந்துக்கே எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்யத் தொடங்கலாம். பிறகு ஒழுங்காகப் போட்டாலும் அது வேலை செய்யாமல் போகலாம். இந்த நோய்க்கு மருந்துகள் கடலளவு இல்லை. ஒன்றைக் கவனக்குறைவால் இழப்பது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்.

இப்போது தம்பியிடம் வருவோம். இதைத்தான் நீங்கள் முதலில் செய்யவேண்டும், ஆனால் விசாரணை மாதிரிச் செய்யவேண்டாம். எங்களிடம் வரும் இளம் பிள்ளைகள் ஊசியை விடும் காரணங்கள் சின்னச்சின்னவை. "சுகமாகத்தானே இருக்கிறேன்" என்பது முதலாவது. ஊசி எரிகிறது என்பது அடுத்தது. சில அடலிமுமாப் ஊசிகளில் சிட்ரேட் சேர்ப்பதால் குத்தும்போது எரியும், சிட்ரேட் இல்லாதவையும் கிடைக்கின்றன, கேட்டால் மாற்றலாம். பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே குத்தினாலும் வலிக்கும். அரை மணித்தியாலம் மேசையில் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் பெரிய வித்தியாசம். இன்னும் சிலர் கூட இருக்கும் பெடியளுக்குத் தெரியக்கூடாது என்று வெள்ளி இரவு போடவேண்டியதை ஞாயிறுக்குத் தள்ளி, பிறகு மறந்தேவிடுகிறார்கள். கோல் எடுக்காததற்கும் காரணம் கேளுங்கள். இலக்கம் தெரியாத கோல் வகுப்பு நேரத்தில் வந்தால் 22 வயதில் யார் எடுப்பார்கள்? ரெக்ஸ்டாக அனுப்பும்படியோ இரவு ஏழுக்குப் பிறகு எடுக்கும்படியோ திட்டத்திடம் சொல்லலாம்.

ஒன்று மட்டும் செய்யவேண்டாம், அக்கா. அவருடைய போனை நீங்கள் எடுத்து அவருக்காகப் பதில் சொல்லாதீர்கள். அவர் வளர்ந்த பிள்ளை. திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்ததும் அவர், அதைத் திருப்பி எடுக்கக்கூடியவரும் அவர்தான். உங்களோடும் பேசலாம் என்று அவர் எழுத்தில் கொடுத்தால் பிறகு நீங்களும் கூப்பிடலாம். அந்தக் கையெழுத்தைப் போடும்போது படிவத்தில் இரண்டு இடத்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்று, தகவல் யாரோடெல்லாம் பகிரப்படும் என்பது. மற்றது, ஆய்வுக்கோ விளம்பரத்துக்கோ தனியாக ஒரு பெட்டி இருந்தால் அது. விருப்பமில்லாத பெட்டியை வெறுமையாக விடலாம், அதற்காக மருந்து நிற்காது. கோலில் "ஊசி போட்ட இடத்தில் தடித்தது" என்று ஒரு வார்த்தை சொன்னாலே நேர்ஸ் கேள்விமேல் கேள்வி கேட்பார். அது துருவல் இல்லை. பக்கவிளைவுகளைக் கம்பனி பதிந்து, கடுமையானவற்றை ஹெல்த் கனடாவுக்கு அறிவிப்பது சட்டம்.

இந்தக் கிழமை கிளினிக்குக்கு எடுத்து இரண்டு ஊசி விடுபட்டதைச் சொல்லுங்கள், அல்லது அவரைச் சொல்ல வையுங்கள். யாரும் ஏசமாட்டார்கள். ஈடுகட்டுகிறேன் என்று இரண்டையும் ஒன்றாகப் போடவேண்டாம். எந்த நாளில் இருந்து திரும்பத் தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள். கல்ப்ரொடெக்டினும் மருந்தின் அளவும் பார்க்கலாமா என்று கேளுங்கள். வயிறு அமைதியாக இருப்பதும் குடல் ஆறியிருப்பதும் ஒன்றல்ல. அந்த இரண்டு பரிசோதனையும் திட்டத்தின் நேர்ஸ் கேட்கும் இருபது கேள்வியைவிடக் கூடுதலாகச் சொல்லும். பிறகு கிளினிக்கின் இலக்கத்தைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், திட்டத்தின் இலக்கத்துக்கு மேலே. காசு, பெட்டி, ஊசி பழுது என்றால் கீழ் இலக்கம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், இருமல் என்றால் மேல் இலக்கம். ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், அதோடு காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் இரண்டு இலக்கமும் வேண்டாம், நேரே எமேர்ஜென்சிக்குப் போங்கள்.

இன்னொன்று, மருந்தின் பெயர் மாறினால் திட்டமும் மாறும், ஏனென்றால் ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு திட்டம். 2023-இல் ஒன்ராறியோ அரசு தன் மருந்துத் திட்டத்தில் உள்ளவர்களை பயோசிமிலருக்கு (மூல மருந்தைப் போலவே வேறு கம்பனி செய்யும் மருந்துக்கு) மாற்றியபோது எங்கள் கிளினிக்கில் பலருக்கு மருந்து மாறியது பெரிய விஷயமாக இருக்கவில்லை. பழைய நேர்ஸ் போய்ப் புது நேர்ஸ் வருவதற்கு இடையில் பெட்டி வராமல் போன அந்த இரண்டு கிழமைதான் வினையாகியது. அப்பாவின் வேலை மாறினாலும், தம்பி படிப்பை முடித்து அப்பாவின் காப்புறுதியில் இருந்து விழுந்தாலும் இதே இடைவெளி வரும். அப்போது ஒரு மாதம் முன்பே திட்டத்துக்கும் கிளினிக்குக்கும் சொல்லிவைக்கவேண்டும். வருமானத்தைப் பொறுத்து அரசின் ட்ரில்லியம் திட்டத்திலும் சேரலாம். வீட்டு வருமானத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தை நீங்கள் கட்டினால் மிச்சத்தை அது பார்க்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று, ஆனால் எல்லாத் தாய்மாரும் என்னிடம் கேட்பது: "நான் என்னத்தைச் சமைத்துக் கொடுத்ததால் இது வந்தது?" எதாலும் இல்லை. கனடாவில் கொலைட்டிஸும் குரோன் நோயும் சேர்ந்த குடல் அழற்சி நோய்களோடு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். ஒன்ராறியோவில் செய்த ஆய்வொன்றில், தெற்காசியாவில் இருந்து வந்த எங்கள் தலைமுறைக்கு இது குறைவு, இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு மற்றக் கனேடியப் பிள்ளைகளுக்கு உள்ள அதே அளவு ஆபத்து என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் மிளகாய்த்தூளில் பழி இல்லை.

நல்லூருக்குத் தாராளமாகப் போய்வாருங்கள். நான்கு கிழமைக்கு இரண்டு ஊசி. கிளினிக்கில் இருந்து ஒரு பயணக் கடிதம் வாங்குங்கள், குளிர்ப் பையைத் திட்டத்திடம் கேளுங்கள். ஊசிகள் கையில் கொண்டுபோகும் பையில்தான் போகவேண்டும், கீழே போடும் பெட்டியில் உறைந்துவிடலாம். ஐஸ் பக்கெட்டில் நேரே படாமல் ஒரு துவாயில் சுற்றிவையுங்கள். வெளியே இத்தனை நாள் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது அநேகமாக 25 பாகை வெப்பம்வரைக்கும்தான். யாழ்ப்பாணத்து ஓகஸ்ட் அதற்கெல்லாம் அடங்காது, ஆகவே போய் இறங்கியதும் பிரிட்ஜின் நடுத்தட்டு, மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காமல் விடுவது. இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், ஆகவே உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் தடுப்பூசி (லைவ் வக்சின்) எதையும் கிளினிக்கைக் கேட்காமல் போடவேண்டாம். திரும்பி வந்தபின் இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் காசநோய் பார்க்கச் சொல்லுங்கள்.

போக முதல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பிரிட்ஜில் எத்தனை மிச்சம் என்று.